ஐந்து கூடாரம் போதும்: ஓடைக்கரையைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

கொழும்பு 15, மட்டக்குளியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் ஓடை கடைசியில் வந்து சேரும் இடம் இது. கித்துல்கலக் காட்டுக்குள் நீங்கள் பார்த்துக்கொள்ளும் அந்தச் சின்னக் கூடாரத் தளத்தின் பக்கத்தால் ஓடும் தண்ணீர், களனி கங்கையில் விழுந்து, எட்டியாந்தோட்டை, அவிசாவளை, ஹங்வெல்லை, கடுவெல எல்லாம் தாண்டி, எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் கடலில் கலக்கிறது. பக்கத்து ஊருக்கு முகத்துவாரம் என்று பெயர் வந்ததே அதனால்தான்.

தளத்தின் பெயரை வேண்டுமென்றுதான் எழுதவில்லை. எழுதினால் அடுத்த கிழமையே நூறு பேர் வந்து நிற்பார்கள். எந்த இடம் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே இருக்கும் ஐந்து கூடார இடத்தை இருபதாக்க வேண்டாம் என்று தபாலில் ஏற்கெனவே ஒரு கடிதம் அனுப்பினேன், பதில் இல்லை. சரி, எல்லோரும் வாசிக்கும்படி எழுதிப் பார்ப்போம் என்றுதான் இது.

கடந்த சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் இரண்டு இரவு அங்கே தங்கினோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா, மனைவியின் அக்கா. புறக்கோட்டையில் ஹட்டன் பஸ் ஏறி ஏறத்தாழ 90 கிலோமீற்றர். கொழும்பு நெரிசலோடு சேர்த்தால் மூன்று மணித்தியாலத்துக்கு மேல். அதன் பிறகு இருபது நிமிட நடை.

வீட்டில் இதைச் சொல்வதே ஒரு பாடாகப் போய்விட்டது. 'காம்பிங்' என்பதற்கு எங்களிடம் சரியான சொல் இல்லை. 'முகாம்' என்று சொல்லித் தொலைத்தேன். அம்மா கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். 83 ஜூலைக் கலவரத்தில் பாடசாலைத் தரையில் பாய் விரித்துப் படுத்தவர் அவர். அவர் தலைமுறைக்கு முகாம் என்றால் ஒன்று அகதி முகாம், இல்லாவிட்டால் இராணுவ முகாம். விடுமுறைக்குப் போகிற இடத்துக்கு யாராவது அந்தப் பெயரை வைப்பார்களா? விளக்கிச் சொன்ன பிறகு வேறு கேள்வி வந்தது. அம்மா நோர்வூட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். "லயத்துல சும்மா கெடச்ச குளிர காசு குடுத்து வாங்கப் போறீங்களா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் முதலில் பை கட்டியவரும் அவர்தான். அட்டை கடிக்காமலிருக்க என்று ஒரு கட்டி சவர்க்காரம், காலில் வரட்டுச் சவர்க்காரத்தைத் தேய்த்துவிட.

மச்சாளின் கதை வேறு. 2009இல் செட்டிகுளம் அகதி முகாமில் பல மாதம் இருந்தவர். நான் கூடாரத்தை விரித்ததும், "தறப்பாள் எனக்குப் புதுசில்ல, நான் வெளியில இருக்கிறன்" என்று ஓடைக்கரைப் பாறையில் போய் உட்கார்ந்துவிட்டார். முதல் இரவு முழுக்க அங்கேதான். இரண்டாம் இரவு மழை வந்ததும் உள்ளே வந்து படுத்தார். காலையில் எல்லோருக்கும் பிந்தி எழும்பினார். இவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும், இதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தளத்தில் இப்போது இருப்பது கூடாரம் போட ஐந்து இடம், தகரக் கூரை போட்ட ஒரு சமையல் கொட்டில், ஓடையிலிருந்து நன்றாகத் தள்ளி ஒரு கழிப்பறை, ஒரு காவல்காரர். மின்சாரம் இல்லை. போனுக்கு சிக்னலும் இல்லை. பாண், பருப்பு, டின்மீன் என்று மூன்று வேளையும் ஒன்றையே சாப்பிட்டோம், யாரும் குறை சொல்லவில்லை. அடுத்த வருடத்துக்குள் இதை இருபது கூடாரமாக்கி, சீமெந்துப் படி கட்டி, நடைபாதைக்கு விளக்குப் போட்டு, ஓடையை மறித்து ஒரு குளிக்கும் தடாகமும் கட்டப்போகிறார்கள் என்று அங்கே கேள்விப்பட்டோம். அளந்து போட்ட முளைகளையும் பார்த்தோம். அந்த முளைகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஐந்து என்ற எண்ணிக்கையை யார் முடிவு செய்தார்கள் என்று நான் காவல்காரரைக் கேட்டேன். எட்டியாந்தோட்டைப் பக்கத்து ஆள், தோட்டத் தமிழ் அழகாகப் பேசுவார். சிரித்துவிட்டு, "ஓடைதான் மாத்தையா" என்றார். அப்போது விளங்கவில்லை. அடுத்த நாள் பின்னேரம் விளங்கியது.

சித்திரை மாதத்தில் அந்தப் பக்கத்துப் பின்னேரம் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் பளிச்சென்று வெயில், இரண்டு மணிக்கு மேல் மலைப்பக்கம் கறுத்து இடி. நாங்கள் இருந்த இடத்தில் ஒரு துளி விழவில்லை. பிள்ளைகள் தண்ணீரில் நின்றார்கள். காவல்காரர் வந்து ஒரு நிமிடம் தண்ணீரைப் பார்த்தார், பிள்ளைகளைக் கரையேறச் சொன்னார். பிறகு கரையோரத்தில் ஒரு குச்சியை நட்டு, கத்தியால் மூன்று வெட்டுப் போட்டார். எதைப் பார்த்தார் என்று கேட்டதற்குக் கையை நீட்டிக் காட்டினார். தண்ணீரோடு சின்னச் சின்ன இலைத் துண்டுகளும் சுள்ளிகளும் வரத் தொடங்கியிருந்தன. கொஞ்ச நேரத்தில் நிறம் மாறியது. கண்ணாடி போல் இருந்தது பால்தேத்தண்ணி போல் ஆனது. சத்தமும் மாறியது. அதுவரை கலகலவென்று இருந்த ஓடை, அடித்தொண்டையில் பேசுகிற மாதிரி ஆகி, அடியில் கற்கள் உருளும் சத்தமும் சேர்ந்தது. அரை மணித்தியாலத்தில் முதல் வெட்டு மறைந்தது, அடுத்த அரை மணிக்குள் இரண்டாவதும்.

அன்று பின்னேரம்தான் இன்னொரு குடும்பம் வந்து, ஓடைக்குப் பக்கத்து மணல் திட்டில் கூடாரம் போடப் பார்த்தது. அழகான இடம், சமதரை, படுத்தபடியே தண்ணீரைப் பார்க்கலாம். நானாக இருந்தாலும் அங்கேதான் போட்டிருப்பேன். காவல்காரர் விடவில்லை. வாக்குவாதம் வந்தது, அவர் குரலை உயர்த்தாமல் அவர்களின் பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மேலே வைத்தார். இரவு பத்து மணிக்கு டோர்ச் அடித்துப் பார்த்தபோது மணல் திட்டு இருந்த இடத்தில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர். காலையில் குச்சியே இல்லை.

மட்டக்குளி ஆட்களுக்குக் களனி பெருகும்போது ரேடியோவில் காது வைக்கும் பழக்கம் உண்டு. நாகலகம் வீதி அளவுகோலில் எத்தனை அடி என்று சொல்லுவார்கள், அதைக் கேட்டுத்தான் சாமானை மேலே ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுப்போம். 2016 மே மாதத்தில் அப்படித்தான் கட்டிலுக்கு மேல் கட்டில் அடுக்கினோம். அந்த அளவுகோலின் கொள்ளுப்பாட்டனை நான் உங்கள் ஓடைக்கரையில் பார்த்தேன். மூன்று வெட்டுப் போட்ட ஒரு குச்சி.

சொல்ல வருவது இதுதான். அந்தச் சரிவில் வெள்ளம் ஏறாத சமதரை ஐந்தே ஐந்து. மீதிப் பதினைந்து கூடாரத்தையும் எங்கே போடுவீர்கள்? மேலே போடுவதென்றால் மரம் வெட்டி, சரிவை வெட்டிச் சமப்படுத்த வேண்டும். 2016இல் அரநாயக்கவில் மலை இறங்கி ஊர் புதைந்ததைப் பார்த்த மாவட்டத்தில் அதை நான் விளக்க வேண்டுமா? கீழே போடுவதென்றால் அந்த மணல் திட்டுத்தான். முளைகளில் பாதிக்கு மேல் அந்தத் திட்டில்தான் அடித்திருக்கிறீர்கள். அளந்தவர் காலை நேரத்தில் வந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அடுத்தது குளிக்கும் தடாகம். பிள்ளைகள் இரண்டு நாளும் ஒரு மீனின் பின்னாலேயே திரிந்தார்கள். உடம்பில் கறுப்புப் பட்டை, ஆண் மீனுக்கு முன்பாதி சிவந்து கிடக்கும். காவல்காரர் சிங்களத்தில் 'புலத் ஹபயா' என்றார், வெற்றிலை சப்புகிறவன். வாய் சிவந்த கிழவர் மாதிரித்தான் இருக்கிறது. கொழும்பில் மீன்தொட்டிக் கடைகளில் கறுப்பு ரூபி பார்ப் என்று விற்பார்களே, அதுதான். உலகம் முழுக்கத் தொட்டிகளில் இருந்தாலும், அதன் சொந்த வீடு களனிக்கும் நில்வளா கங்கைக்கும் இடைப்பட்ட ஈரவலயத்து ஓடைகள் மட்டும்தான். மர நிழலும் குளிர்ந்து மெல்ல ஓடும் தண்ணீரும் வேண்டும் அதற்கு. கல்லில் படியும் பாசியையும் மக்கியதையும் தின்னும். ஓடையை மறித்தால் மேலே வண்டல் படிந்து கல் மூடும். கரை மரத்தை வெட்டினால் தண்ணீர் சூடாகும். கூடவே இருபது கூடாரத்துக்காரரின் சவர்க்காரமும் ஷம்பூவும் வந்து சேரும். குளிக்க ஆசைப்படுகிறவர்கள் வாளியில் மொண்டு, கரையிலிருந்து 60 மீற்றராவது தள்ளிப் போய் குளிக்கட்டும். காட்டில் தங்கிப் பழகியவர்கள் பல நாடுகளிலும் பின்பற்றும் கணக்கு அது. எங்கள் அம்மாவுக்கே அட்டைச் சவர்க்காரத்தை ஓடையில் கழுவ விடவில்லை உங்கள் காவல்காரர், அம்மா கோபித்துக்கொண்டார்.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. கூடாரத் தரைகளை ஆராய்ந்தவர்கள் கண்ட ஒரு விஷயம் உண்டு. புதுத் தரையில் முதல் சில தடவையிலேயே பெரும் சேதம் நடந்து முடிந்துவிடும். செடி மிதிபட்டு, சருகு போய், மண் இறுகி, மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் சேறாக ஓடைக்குப் போகும். அதன் பிறகு அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் பாவித்தால் சேதம் அவ்வளவு வேகமாகக் கூடாது. ஆகவே ஏற்கெனவே கெட்டுப்போன அந்த ஐந்து இடத்தையே பாவிப்பதுதான் காட்டுக்கு மலிவு. புதிதாகப் பதினைந்து திறப்பதுதான் செலவு.

விளக்கையும் சத்தத்தையும் பற்றி எழுதாமல் விட்டால் என் மகள் விடமாட்டாள். முதல் இரவு எங்களுக்கு இரண்டு கூடாரம் தள்ளி வெள்ளவத்தைப் பொடியன்கள் நாலு பேர், ஒரு புளூடூத் ஸ்பீக்கர். பைலாதான். எனக்கும் பைலா பிடிக்கும், கல்யாண வீட்டில் முதலில் எழும்புகிற ஆள் நான்தான். ஆனால் அங்கே வேண்டாமே என்று போய்ச் சொன்னேன். "ஓகே அங்கிள்" என்று ஒரு கோடு குறைத்தார்கள். ஒன்பதரைக்கு பற்றரி தீர்ந்தது, சார்ஜ் பண்ண வழியில்லை, தம்பிமார் கொஞ்ச நேரம் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்துவிட்டுத் தூங்கிவிட்டார்கள். நீங்கள் போட நினைக்கும் விளக்குக் கம்பத்தில் ஒரு பிளக் பொயின்ற் இருந்திருந்தால் விடிய விடியப் போயிருக்கும்.

அந்த ஒன்பதரைக்குப் பிறகுதான் காடு பேசத் தொடங்கியது. முதலில் ஓடை மட்டும். பிறகு தவளை, ஒன்று, ஐந்து, நூறு. எதிர்க்கரையில் மின்மினி. மின்மினி தன் துணையைத் தேடுவதே அந்த வெளிச்சத்தால்தான், பக்கத்தில் விளக்கு எரிந்தால் அது கண்ணுக்குப் படாது. பிறகு எங்கோ ஒரு மெல்லிய, குட்டையான குரல். என்ன பறவை என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரிக் காட்டவும் மாட்டேன். ஆனால் உங்கள் பக்கத்துக் காட்டில் அப்படி ஒரு குரலில்தான் ஒரு பெரிய கதை தொடங்கியது. 1995இல் கித்துல்கலக் காட்டில், பறவை ஆய்வாளர் தீபால் வாரகாகொட இரவில் முன்பின் கேளாத ஒரு ஆந்தைக் குரலைக் கேட்டார். பறவையைக் காணவில்லை. குரலை மட்டும் வைத்துக்கொண்டு ஆறு வருடம் தேடி, 2001 ஜனவரியில் சிங்கராஜக் காட்டில்தான் கண்ணால் கண்டார். 2004இல் அது உலகத்துக்கே புதிய இனம் என்று விவரித்தார்கள். இலங்கையில் ஒரு புதுப் பறவை கண்டுபிடித்து நூறு வருடத்துக்கு மேலாகியிருந்தது அப்போது. செரண்டிப் ஆந்தை என்று பெயர். அதன் அறிவியல் பெயரில் இருப்பவர், 1970களில் சிங்கராஜவில் மரம் வெட்டுவதை நிறுத்தப் போராடிய திலோ ஹொஃப்மன். அன்றிரவு பக்கத்தில் ஒரு ஜெனரேற்றர் ஓடியிருந்தால் அந்தக் குரல் யார் காதில் விழுந்திருக்கும்?

ஒரு சின்ன ஓடைக்கு ஏன் இவ்வளவு கத்துகிறான் என்று நினைப்பீர்கள். இருக்கலாம். ஆனால் கொழும்புக் குழாய்த் தண்ணீரின் பெரும்பகுதி அம்பத்தளையில் களனியிலிருந்துதான் எடுக்கிறார்கள். என் வீட்டுக் குழாயைத் திறந்தால் வருவதில் உங்கள் ஓடையும் ஒரு துளி உண்டு. வறட்சி வந்தால் ஆற்றில் ஓட்டம் குறைந்து கடல்நீர் அம்பத்தளைப் பக்கம் வரை ஏறும், அதை மறிக்க ஆற்றுக்குக் குறுக்கே தடுப்புப் போட வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் ஆற்றில் ஓடுவதில் காட்டு மண் உறிஞ்சி வைத்திருந்து மெல்ல விடும் தண்ணீருக்கும் பங்கு உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் கொழும்புக்குத் தண்ணீர் எடுக்க லபுகமவில் நீர்த்தேக்கம் கட்டியபோது சுற்றியிருந்த காட்டை அப்படியே விட்டுவைத்தார்கள். இன்றும் அது காடாகத்தான் நிற்கிறது. காட்டின் மேல் பாசம் என்று சொல்லமாட்டேன், கணக்குத் தெரிந்திருந்தது.

குப்பை பற்றியும் ஒரு சொல். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு காக்கைதீவுக் கரைக்குப் போவேன். மழை பெய்த மறுநாள் அங்கே ஒதுங்கும் யோகட் கோப்பையும் தண்ணீர்ப் போத்தலும் எந்த ஊரில் எறிந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆற்றோரத்து ஊரெல்லாம் அதில் பங்காளி, நாங்களும் சேர்த்தி. உங்கள் தளத்திலிருந்து இப்போதைக்கு ஒன்றும் வருவதில்லை என்று நம்புகிறேன், ஏனென்றால் காவல்காரர் நாங்கள் கொண்டுவந்த பைக்கற்றுகளை எண்ணி, திரும்பிப் போகும்போதும் எண்ணினார். ஐந்து கூடாரத்துக்கு அப்படி எண்ணலாம். இருபதுக்கு முடியாது.

இனி என்னைத் திட்டுகிறவர்களுக்கு ஒரு பதில். நீ போய்விட்டாய், மற்றவனுக்குக் கதவைச் சாத்துகிறாய் என்று என் சொந்த மைத்துனரே சொன்னார். நியாயமான கேள்விதான், இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. அந்த இடம் கிடைக்க நானே நாலு மாதம் காத்திருந்தேன், காத்திருந்தபோது உங்களைத் திட்டவும் செய்தேன். ஆனால் இருபது கூடாரம் போட்டால் இருபது குடும்பத்துக்குக் கிடைக்கப்போவது நான் கண்ட இடம் இல்லை. கொட்டாஞ்சேனை மைதானத்தில் போட்டுப் படுத்தாலும் அதே சத்தம், அதே வெளிச்சம், பஸ் காசும் மிச்சம்.

அதனால் இடத்தைப் பெருப்பிக்காமல் முறையைச் சீராக்குங்கள். ஒரு குடும்பத்துக்கு வருடத்தில் இரண்டு தடவைக்கு மேல் கொடுக்க வேண்டாம். வார இறுதிக்குத்தான் அடிபிடி, செவ்வாய் புதன் எல்லாம் வெறுமையாகக் கிடக்கிறது. அந்த நாட்களைப் பாடசாலைகளுக்குக் கொடுங்கள். கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பாடசாலைகளில் ஓடும் தண்ணீரைக் கான் தவிர வேறெங்கும் காணாத பிள்ளைகள் இருக்கிறார்கள், மிகைப்படுத்தவில்லை. கட்டணத்தையும் ஏற்றாதீர்கள். எங்கள் ஆறு பேரின் இரண்டு இரவுக் கட்டணம், கொழும்பில் ஒரு சுமாரான கடையில் ஒரு இரவு சாப்பிடுகிற பில்லைவிடக் குறைவு. கூட்டத்தைக் குறைக்க விலையை ஏற்றினால் கூட்டம் குறையும், ஆனால் பிறகு வருவது ஜீப் வைத்திருக்கிறவன் மட்டும்தான். படியும் விளக்கும் தடாகமும் கட்டாமல் சேமித்த காசில் அந்தக் காவல்காரருக்கு ஒரு உதவியாளரைப் போடுங்கள். அவருக்கு வயதாகிறது. அவருக்குத் தெரிந்தது ஒரு கோப்பிலும் இல்லை.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். வளைவுக்குக் கீழே ஆழமான மடு ஒன்று இருக்கிறது. மேலே பார்த்தால் முழங்காலளவு மாதிரித் தெரியும், ஆள் ஆழம். அங்கே எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறீர்கள், நன்றி. ஆனால் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று, மடுவுக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த என் அம்மா, சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, அந்தப் பலகைக்குப் பக்கத்தாலேயே தண்ணீரில் இறங்கப் போனார். மகள் ஆங்கிலத்தை வாசித்துவிட்டுக் கத்தியதால் நின்றார். பிறகு பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்குத்தான் எழுதியிருக்காங்க போல" என்றார்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் சிங்களத்தில் வந்தாலும் பரவாயில்லை, எனக்கு வாசிக்கத் தெரியும். பலகையில் மட்டும் தமிழையும் எழுதிவிடுங்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்க முன்னர் அந்த முளைகளையும் பிடுங்கிவிட்டால் நல்லது. எப்படியும் மணல் திட்டில் இருப்பதை ஓடை பிடுங்கிவிடும்.

இப்படிக்கு,
மட்டக்குளிவாசி ஒருவன்
கொழும்பு 15